கரையைப் படிக்க நம்மில் ஆள் வேண்டும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



இந்த விழாவில் பேச வேண்டுமென்று தலைமையாசிரியர் அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "டாக்டராகுங்க, வக்கீலாகுங்கன்னு மட்டும் பேசிடாதீங்க தம்பி. அதை வருஷா வருஷம் கேட்டாச்சு" என்றார். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. நான் அந்த இரண்டும் இல்லை. கடலும் நிலமும் சேருகிற அந்தக் கீற்று நிலத்தைப் படித்தவன். சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஆகவே கடல் அறிவியலையும் கரையோரப் பராமரிப்பையும் பட்டப்படிப்புக்கு மேலே எங்கே படிக்கலாம், எப்படிப் படிக்கலாம், படித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் முதுகலைப் படிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இந்தப் பேச்சு மலரில் அச்சாகும். மலர் வீட்டுக்குப் போகும். வீட்டில் எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா இருப்பாள். அறிவியல் பட்டம் வாங்கிவிட்டு, "அடுத்து என்ன?" என்று முழித்துக்கொண்டிருக்கும் அண்ணன் இருப்பான். அவர்களுக்காகத்தான் பேசுகிறேன். சின்னப் பிள்ளைகள் கதை வரும் இடத்தில் மட்டும் கேட்டால் போதும்.

கப்பலை விட்டு இறங்கிய நாளோடு நம்மவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போய்விட்டோம், கடல் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்பது பலருடைய எண்ணம். அது பாதிதான் உண்மை. கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர், சபாக் பெர்ணம், பாகான் டத்தோ பக்கத்துக் கரையோரத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பல, கடலிடமிருந்து பறித்த களிமண் நிலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் போர்ட் கிள்ளானில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். திரெங்கானு கரையில் அவ்வளவு இராது. பெருக்கு ஏறிய நேரத்தில், வெளியே நிற்கும் கடல் உள்ளே இருக்கும் மரத்தின் வேரைவிட உயரத்தில் நிற்கும். நடுவில் காவல் ஒரே ஒரு மண்கட்டு. அதைத்தான் தோட்டத்தில் "பண்டு" என்கிறோம். அந்தப் பண்டைப் போட மண் சுமந்த கூட்டத்தில் நம் தாத்தா பாட்டிமார் இருந்தார்கள். உள்ளே வடிகால்களைத் தோண்டியதிலும் அவர்கள் கை இருக்கிறது. வடிகாலின் வாயில் நிற்கிற "வாட்டர் கேட்டை"த் திறந்து மூடியவர்களிலும் நம் ஆட்கள் உண்டு. இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் கரையோரப் பராமரிப்பு என்று பெயர் வைத்துப் போதிக்கிறார்களே, அதில் ஒரு பாடத்தை அவர்கள் மண்வெட்டியோடு செய்துகொண்டிருந்தார்கள்.

என் அப்பா ஒரு கேட்டுக்காரர். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அவர் முதலில் பார்ப்பது அமாவாசையும் பௌர்ணமியும்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச்லைட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். கடல் வற்றத் தொடங்கியதும் கேட்டைத் தூக்கி, உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். பெருக்கு திரும்புவதற்குள் இறக்கிவிட வேண்டும். அரை மணி நேரம் அசந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

1996-இல் நான் இங்கே ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஓர் அமாவாசைப் பெருக்கில் பண்டு உடைந்துவிட்டது. லயத்து வீடுகளில் முழங்கால் அளவு உப்புத்தண்ணீர். அரிசி மூட்டை போயிற்று, கோழிகள் போயின, என் புத்தகப் பை போயிற்று. இரண்டு நாள் கழித்துப் பிரட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவை நிற்க வைத்துக் கேட்டார்கள். கேட்டை நேரத்துக்குத் திறக்காமல் உள்ளே தண்ணீரைத் தேக்கிப் பண்டை ஊறவைத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அந்த வேலையிலிருந்து எடுத்து, உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். அப்பா பதில் பேசவில்லை. தான் திறந்தது அவருக்குத் தெரியும். பண்டு ஏன் உடைந்தது என்பதுதான் தெரியாது. தெரியாததால் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நான் மெட்ரிகுலேஷன் முடித்து, அறிவியல் பட்டம் வாங்கி, முதுகலை ஆய்வுக்குப் பதிந்தேன். "ஏதாவது ஒரு கரையைத் தேர்ந்தெடு" என்று பேராசிரியர் சொன்னார். நான் எங்கள் தோட்டத்துக் கரையையே எடுத்துக்கொண்டேன். நில அளவை இலாகாவில் பழைய வான்படங்களைக் கேட்டு வாங்கி, ஆண்டுவாரியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். பண்டுக்கு வெளியே கண்டல் காடு நின்றிருக்கிறது. நாம் பாக்காவ் காடு என்போமே, அதுதான். ஒவ்வொரு படத்திலும் அது மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. பண்டு உடைந்த இடத்தில், உடைவதற்குச் சில வருஷம் முன்பே காடு அறவே இல்லை. அலை நேராக வந்து பண்டின் அடிமண்ணைத் தின்றிருக்கிறது. அந்த இடத்துக்கும் அப்பாவின் கேட்டுக்கும் நடுவில் நல்ல தூரம்.

ஆய்வேட்டில் அது ஒரு வரைபடம், அவ்வளவுதான். அதை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ கேட்டு மேல தப்பு இல்லே" என்றார். தன் மேல் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. கேட்டின் மேல் இல்லை என்றுதான் சொன்னார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1980-களின் நடுவில் நடந்த தேசியக் கரை அரிப்பு ஆய்வு, நாட்டின் 4,809 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிபட்டு வருவதாகக் கண்டது. அதற்குப் பிறகுதான் வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் கரையோரப் பொறியியலுக்கென்றே தனி மையம் வைத்தார்கள். 26-12-2004 அன்று ஆழிப்பேரலை வந்து நம் நாட்டில் 68 பேரைக் கொண்டுபோன பிறகு, கண்டல் நடும் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள்கூடப் போய் நட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அலை அடிக்கும் திறந்த கரையில் வெறுங்கன்றை நட்டால் அடுத்த பெருக்கே அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். நடுவதற்கு முன்னால் அந்த இடத்தின் அலை என்ன, சேற்றின் உயரம் என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில் மூழ்குகிறது என்பதையெல்லாம் அளக்க வேண்டும். அந்த அளப்புதான் படிப்பு.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது, கேரித்தீவு. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தீவு, மா மெரி பூர்வகுடி மக்கள் வாழும் தீவு, சுற்றிலும் பண்டு போட்ட செம்பனைத் தீவு. அங்கே கண்டல் அழிந்துபோன ஒரு கரையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். கரைக்குச் சற்று முன்னால் அலைத்தடுப்பு ஒன்றைப் போட்டார்கள். அலையின் வேகம் குறைந்தது. குறைந்ததும் தண்ணீரில் மிதந்து வந்த சேறு அதன் பின்னால் படிந்தது. சேறு உயர்ந்ததும் அக்கம்பக்கத்து மரங்களின் விதைகள் தாமாகவே வந்து வேர் பிடிக்கத் தொடங்கின. அதைப் பற்றி 2011-இல் வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, நடாமல் கண்டலை மீட்பது என்ற பொருளில் இருக்கும். தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை அதைப் படித்தால், எழுதியவர்கள் சொல்லாத விஷயமும் அவனுக்குப் புரியும். அந்தச் சேற்றில் அவன் சின்ன வயசில் நண்டு பிடித்திருப்பான்.

சரி, எங்கே படிப்பது?

முதலில் சொல்ல வேண்டியது திரெங்கானு. மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம், சுருக்கமாக யூ.எம்.டி., கோலத்திரெங்கானுவுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1979-இல் அன்றைய பெர்த்தானியான் பல்கலைக்கழகத்தின் மீன்வள, கடல் அறிவியல் மையமாக ஆரம்பித்து, 2007-இல் முழுப் பல்கலைக்கழகமானது. கடல் உயிரியல், கடலியல், நீர்வாழின வளர்ப்பு, கப்பல்துறை நிர்வாகம் என்று கடலைச் சுற்றியே அதன் படிப்புகள் பல. பிடோங் தீவில் அவர்களுக்கு ஆய்வு நிலையம் உண்டு. ஆம், வியட்நாம் அகதிகள் தங்கியிருந்த அதே பிடோங் தீவுதான். அதே மாநிலத்தில் இருக்கும் ரந்தாவ் அபாங்கில் 1950-களில் ஆயிரக்கணக்கில் முட்டையிட வந்த தோல்முதுகு ஆமை இன்று ஏறக்குறைய வருவதே இல்லை. ஓர் உயிரினம் நம் கண் முன்னால் எப்படிப் போகிறது என்பதை அந்த மாநிலத்தில் படிப்பதற்கும் ஏட்டில் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையம் முக்கா ஹெட்டில், தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. சபா பல்கலைக்கழகத்தின் போர்னியோ கடல் ஆய்வுக் கழகத்துக்கு மீன் குஞ்சு பொரிப்பில் நல்ல பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்துக்குக் கிளந்தான் பாச்சோக்கில் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்துக்கு மெர்சிங்கிலும், புத்ரா பல்கலைக்கழகத்துக்குப் போர்ட்டிக்சனிலும் ஆய்வு நிலையங்கள் உண்டு. ஜொகூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டலக் கடல் அறிவியல் கழகமும் எட்டாத தூரமில்லை. சிங்கப்பூரில் 2020 முதல் கரைப் பாதுகாப்புப் பொறுப்பைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமே கொடுத்திருக்கிறார்கள். வேலை எங்கே வரும் என்று கேட்கிறவர்கள் அதையும் கவனிக்கலாம்.

வெளிநாடு என்றால், பவளப்பாறைக்கு ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம். பண்டு, அலைத்தடுப்பு, துறைமுகம் என்று பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு நெதர்லாந்தின் டெல்ப்ட். கடல் சட்டம், கப்பல் விவகாரங்களுக்குச் சுவீடனின் மால்மோவில் 1983-இல் தொடங்கிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகம். நம் தாத்தா ஊர்ப் பக்கம் போகலாமென்றால் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. அங்கே கண்டல் ஆராய்ச்சிக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ், பிரிட்டனின் காமன்வெல்த், ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் ஆகிய உபகாரச் சம்பளங்களுக்கு நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பதில்லை என்பதுதான் என் குறை. தபால் செலவுகூட இல்லாத காலத்தில் பாரம் நிரப்பக் கூச்சப்படுகிறோம்.

இனி, அண்ணன் அக்காமார் கவனிக்க வேண்டிய பகுதி. முதுகலையில் இரண்டு பெரிய வழி உண்டு. ஒன்று வகுப்புக்குப் போய்ப் பாடம் படித்துப் பரீட்சை எழுதுவது. மற்றது ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம்போல ஆராய்ந்து ஆய்வேடு எழுதுவது. இரண்டும் கலந்த வகையும் இருக்கிறது. இலாகாவிலோ நிறுவனத்திலோ வேலை பார்த்துக்கொண்டே மேலே போக நினைப்பவருக்கு முதல் வழி பொருந்தும். பி.எச்டி., விரிவுரை, ஆராய்ச்சி என்று போகிறவருக்கு இரண்டாவது. பட்டப்படிப்பில் பொதுவாக 2.50-க்குக் குறையாத புள்ளி கேட்பார்கள், சில இடங்களில் அதற்கும் மேலே.

ஆராய்ச்சி வழியில் போகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்குமுன் வழிகாட்டும் பேராசிரியரைப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கடைசி ஐந்து வருஷத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள். அவரிடம் ஆய்வு மானியம் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். மானியம் இருந்தால் உங்களை ஆய்வு உதவியாளராக வைத்து மாதச் சம்பளம் கொடுக்க வழி இருக்கும். படகுச் செலவும் மண்பரிசோதனைச் செலவும் அதிலிருந்தே போகும். மானியம் இல்லையென்றால் அந்தச் செலவெல்லாம் உங்கள் அப்பாவின் தலையில் விழும். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களில் ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுங்கள். பேராசிரியர் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்க எத்தனை நாள் எடுக்கிறார் என்பதை அவர்தான் சொல்வார்.

உயிரியல் படித்தவர்கள் மட்டும்தான் வரலாம் என்று நினைக்க வேண்டாம். வேதியியல் படித்தவர் சேற்றில் இருக்கும் ஈயத்தையும் செம்பையும் அளப்பார். கணக்கும் இயற்பியலும் படித்தவர் அலையையும் நீரோட்டத்தையும் கணிப்பார். சிவில் எஞ்சினியர் பண்டு கட்டுவார். புவியியல் படித்தவர் துணைக்கோள் படத்தைப் பார்த்துக் கரை நகர்வதைச் சொல்வார். சட்டம் படித்தவருக்கும் இதில் இடம் உண்டு.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வடிகால் நீர்ப்பாசன இலாகா, மீன்வள இலாகா, சுற்றுச்சூழல் இலாகா, துறைமுகங்கள், மீன் இறால் பண்ணைகள், பினாங்கில் தலைமையகம் வைத்திருக்கும் உலக மீன் மையம், என்னைப் போன்றவர்கள் இருக்கும் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கும். ஆனால் இடங்கள் குறைவு. ஆரம்பச் சம்பளம் டாக்டருடைய சம்பளம் அல்ல. ஒப்பந்த வேலையாகவே இரண்டு மூன்று வருஷம் போகலாம். என்னோடு படித்தவர்களில் காப்புறுதி விற்கப் போனவரும் உண்டு. கடலில் முக்குளித்துப் பவளத்தைப் படம் எடுப்பதுதான் வேலை என்று எண்ணி வந்தவர்கள் சீக்கிரம் சலித்துப் போனார்கள். முதல் வருஷம் முழுக்க நான் செய்தது தொடைவரை சேற்றில் நின்று கம்பு நட்டதும், கொசுக்கடி வாங்கியதும், ராத்திரி உட்கார்ந்து எண்களைத் தட்டச்சு செய்ததும்தான்.

அப்படியிருந்தும் ஏன் வரச் சொல்கிறேன்? கடலைத் தூர்த்து நிலம் எடுக்கவோ துறைமுகம் கட்டவோ பெரிய திட்டம் வரும்போது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஒன்று தயாரிக்க வேண்டும். அப்படிப்பட்ட பெரிய திட்டங்களின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்லச் சில வாரம் வைப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். கரையில் குடியிருப்பவர், வலை போடுபவர், பண்டுக்குப் பின்னால் வீடு வைத்திருப்பவர் இவர்களில் எத்தனை பேரால் அதைப் படிக்க முடியும்? எந்தப் பக்கத்தில் அலைக் கணக்கு இருக்கிறது, எந்த வருஷத்து அளவை வைத்து எழுதியிருக்கிறார்கள், நம்ம ஊர்க் கரை அதில் இருக்கிறதா இல்லையா என்று புரட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு பிள்ளை ஊருக்குள் இருந்தால், பிரட்டில் ஒருவர் வாய் பேசாமல் நிற்க வேண்டியிராது.

தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்தில இருக்கு, கடலுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்" என்று என்னிடமே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். என் அம்மா மூன்றாவது. நான் ஜோசியத்தோடு சண்டைக்கு வரவில்லை. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். கண்டம் இருக்கிறது என்று நம்பினால் முதலில் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள். ஆய்வுக்குப் போகும்போது யாரையும் தனியாக விடக்கூடாது, கூட்டமாகத்தான் போக வேண்டும், மிதவைச் சட்டை போடாமல் படகில் ஏறக்கூடாது, பெருக்கு நேரம் பார்க்காமல் சேற்றில் இறங்கக்கூடாது. பெண் பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் எங்கே தங்குவார்கள், யார் கூடப் போவார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் நீங்களே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எங்கள் அலுவலகத்தில் கண்டல் பிரிவைக் கவனிப்பவர் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த ஒரு தங்கச்சிதான். படகை அவரே ஓட்டுவார். நான் ஓட்டினால் அவர் ஏற மறுக்கிறார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பள்ளியிலிருந்து கரை ரொம்பத் தூரமில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, பெருக்கு வற்றிய நேரம் பார்த்து, பிள்ளைகளைப் பண்டு மேலே நடக்க வையுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் உயரம் என்று மட்டும் கேளுங்கள். வேறு பாடம் நடத்த வேண்டாம்.

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு நான் தனியாக எதுவும் கொண்டு வரவில்லை. கடற்படையின் தேசிய நீரளவை மையம் வருஷா வருஷம் கடல் ஏற்ற வற்ற அட்டவணைப் புத்தகம் வெளியிடுகிறது. இந்த ஆண்டுப் புத்தகம் ஒன்றைப் பள்ளி நூல்நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். போர்ட் கிள்ளானுக்குரிய பக்கத்தில் ஒரு காகிதம் சொருகி வைத்திருக்கிறேன். அப்பா பழைய நாள்காட்டியில் அமாவாசையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவைத்த ஒரு தாள் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, நேரம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஏன் அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே வருகிறது என்று கேள்வி எழுந்தால் எனக்கு எழுதுங்கள். முகவரி தலைமையாசிரியரிடம் இருக்கிறது.